ஓட்டைக் காதுக் கிடா

அய்யப்பனைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும், "அவனா, ஓமான்ல போயி ஆடு மேச்சவன்" என்று வாயைக் கோணுவார்கள். கோணட்டும். சின்னப்பிள்ளை என்கிற நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். நான் அவனுக்கு அடுத்த வீட்டுக்காரி. புருஷன் போன பிறகு ஆடுகளை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. இப்போது வயிறும் சேர்ந்து எரிகிறது.

கீரமங்கலத்துப் பக்கம் பையன்கள் வளைகுடாவுக்குப் போவது புதிதில்லை. அய்யப்பனும் டிரைவர் வேலை என்று நம்பித்தான் போனான். போன இடத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுப்பட்டியில் தள்ளிவிட்டார்கள். கப்பலில் வருகிற ஆடுகளை ஊருக்குள் விடுவதற்கு முன்னால் தனியாக அடைத்து வைத்து நோய் பார்க்கிற இடம் அது. முதலில் அழுதிருக்கிறான். நல்லபடியாக ஊர் திரும்பினால் கிடா வெட்டுகிறேன் என்று அங்கிருந்தே எங்கள் கருப்பருக்கு நேர்ந்துகொண்டான். போகப் போக வேலை பிடித்துவிட்டது. திரும்பி வந்ததும் எப்போது பார்த்தாலும் அந்தப் பட்டிக் கதைதான்.

"அக்கா, அங்க சூடான் டாக்டர் ஒருத்தரு, பாகிஸ்தான் டாக்டர் ஒருத்தரு, நம்ம கேரளாக்காரரு ஒருத்தரு. ஒருத்தரு பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. ஆனா ஒரு ஆடு இருமுச்சுன்னா மூணு பேரும் ஓடியாருவாங்க. கப்பல் கெளம்புற நாட்டுல நோய் இருந்தா, அந்த நாட்டுக்காரனே போன் போட்டுச் சொல்லிருவான்."

"தன் மானத்தைத் தானே வாங்கிக்கிருவானாக்கும்?" என்றேன்.

"சொன்னாத்தானக்கா மத்த நாடு மருந்து குடுக்கும், ஆள் அனுப்பும்? முந்தி மாட்டுக்கு வெக்கை நோய் வந்துச்சுல்ல, அதை ஒலகமே சேந்துதான் ஒழிச்சுச்சு. இப்ப இந்த ஆட்டுக்கொல்லி நோயை ஒழிக்கணும்னு எல்லா நாடும் பேசி வச்சிருக்கு."

அந்த ஆட்டுக்கொல்லி நோய்க்குத்தான் கால்நடை டாக்டர் பிளெஸ்ஸி எங்கள் ஊருக்கு வந்து இலவசமாக ஊசி போட்டார். ஊசி போட்ட ஆட்டின் காதில் ஓட்டை போட்டு மஞ்சள் வில்லை மாட்டுவார்கள். அங்கேதான் வந்தது வினை. கருப்பருக்கு நேர்ந்துவிட்ட கிடாவின் உடம்பில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். காதில் ஓட்டை விழுந்தால் சாமி வாங்காதாம். ஆகவே டாக்டரம்மா வந்த அன்று நேர்ச்சைக் கிடாக்கள் அத்தனையையும் ஊருக்கு வெளியே வேலி போட்டுப் பூட்டிய ஒரு தென்னந்தோப்பில் ஒளித்துக் கட்டினார்கள். முன்னால் நின்று கட்டச் சொன்னவர் பூசாரி குழந்தைசாமி. அய்யப்பன் மட்டும் தன் கிடாவை இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றான்.

"டேய், அது சாமிக்கு நேந்தது. காதைக் குத்துனா கருப்பரு வாங்க மாட்டாரு" என்று பூசாரி கத்தினார்.

"வாங்காட்டிப் போறாரு. கிடா உசுரோட இருக்கட்டும்."

அன்றைக்குப் பிடித்தது சனி. ஆளுக்கு ஒன்று பேசினார்கள். பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்த சாமியையே ஏமாற்றியவன் என்றார்கள். டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் எழுந்து போனான். அவன் பாட்டுக்கு டீயைக் குடித்துவிட்டு வந்தான்.

கொஞ்ச நாளில் தோப்புக் கிடாக்கள் இருமத் தொடங்கின. கண்ணிலும் மூக்கிலும் சளி, வாயெல்லாம் புண், நிற்காத கழிச்சல். ஊர் வாயே திறக்கவில்லை. சாமி கும்பிடு வருகிறது, வெளியே தெரிந்தால் அறந்தாங்கிச் சந்தைக்கு நம் ஊர் ஆட்டைச் சேர்க்க மாட்டார்கள் என்று கமுக்கமாக இருந்தார்கள். இருமிய ஆடுகளில் சிலவற்றை விடிவதற்குள் வண்டியில் ஏற்றி யாரோ ஒரு வியாபாரியிடம் தள்ளியும் விட்டார்கள். அடப் பாவிகளா! வாங்கிக்கொண்டு போனவன் கொட்டகையில் வேறு ஆடு இருக்காதா?

அய்யப்பன்தான் டாக்டரம்மாவுக்குச் சொன்னான். அவர் வந்தார். பூசாரியும் பெரிய மனுஷர்களும் அணிவகுத்து நின்று, "ஒரு நோயும் இல்லைங்கம்மா. அவன் ஒரு கிறுக்குப் பய" என்றார்கள். மஞ்சள் வில்லை போட்ட ஆடுகளை மட்டும் காட்டினார்கள். தோப்பைத் திறக்கச் சொன்னதற்குச் சாவி இல்லை என்றார்கள். நோயுள்ள ஆட்டைக் காட்டினால்தான் சளியும் ரத்தமும் எடுத்துச் சோதித்து மேலதிகாரிகளுக்குச் சொல்ல முடியும், சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் ஊசி வரும் என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றார்கள். அவர் போய்விட்டார்.

என் ஆடுகளுக்கு ஊசி போட்டிருந்தேன், அவை தப்பின. ஆனால் அதற்குப் பிறகு பிறந்த குட்டிகள் மூன்று. நாலு மாதம் ஆகாத குட்டிக்கு ஊசி போட மாட்டார்கள். ஊரில் மற்ற ஆடெல்லாம் ஊசி போட்டிருந்தால் அதுகளிடம் நோய் வந்தே இருக்காது. யாரோ ஒளித்துக் கட்டிய கிடாவுக்கு என் குட்டிகள் செத்தன. இரண்டு போய், மூன்றாவதும் தலை தொங்கிக் கிடந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிடு என்று அய்யப்பன் வீட்டுக்கு ஓடினேன். அங்கே பூசாரி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தோப்பில் கடைசிக் கிடாவும் செத்துவிட்டதாம்.

"பூசை நிக்கக் கூடாது அய்யப்பா. ஒன் கிடாவைக் குடு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஓட்டைக் காது ஆகாதுன்னீங்களே, இப்ப கருப்பருக்குக் கண்ணு தெரியாமப் போச்சா?" என்று கேட்டேன்.

அய்யப்பன் என்னைக் கையமர்த்தினான். "தாரேன். இப்பவே டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க. ஊர்ல நோய் இருக்குன்னு ஒங்க வாயால சொல்லுங்க. நான் சொன்னா திரும்பவும் இல்லைன்னு நிப்பீங்க. வித்த ஆடு எங்கிட்டுப் போச்சுன்னும் சொல்லுங்க."

"ஊர் மானம் போயிரும்பா."

"ஒரு நாடே சொல்லுதுங்க. நம்ம ஊரு என்ன அதைவிடப் பெருசா?"

பூசாரி மடியிலிருந்து போனை எடுத்தார். பிறகு போட்டார். "எங்க ஊர்ல ஆடு சாகுதுங்கம்மா. நாங்கதான் மறச்சுட்டோம். வாங்க" என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. வியாபாரி பெயரையும் சொன்னார். செத்த ஆட்டில் மாதிரி எடுக்கும் வரை புதைக்க வேண்டாம், குழியை மட்டும் ஆழமாகத் தோண்டி வையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னது எனக்கும் கேட்டது.

சொன்ன சொல் மாறாமல் அய்யப்பன் கிடாவை அவிழ்த்துக் கொடுத்தான். பூசாரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அதை இங்கனயே கட்டிட்டு எங்கூட வாங்க."

என் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். சாக்கின் மேல் மூன்றாவது குட்டியும் அதற்குள் அடங்கியிருந்தது. தாய் ஆடு அதை முகர்ந்துகொண்டு நின்றது. மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொல்லையில் தோண்டினார். முழங்கால் ஆழம் வந்ததும் நிமிர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"போதுமா ஆத்தா?"

"போதாது, தோண்டுங்க" என்றேன்.