எத்தனை பேர்?

என் அக்காவுக்கு அவள் வேலை பார்க்கும் செய்தித்தாள் அலுவலகத்தில் 'எத்தனை பேர்' என்று பட்டப்பெயர். புது மருந்து கண்டுபிடித்ததாக யார் நிருபர் கூட்டம் போட்டு அறிவித்தாலும், கையைத் தூக்கி, "எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தீங்க?" என்று கேட்பாள். பதில் வரும்வரை உட்கார மாட்டாள். சின்ன வயதில் அவள் என் முடியைப் பிடித்தால் அம்மா வந்துதான் விடுவிக்க வேண்டும். அதே பிடிதான் இதுவும்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். கையில் ஊசி, பக்கத்தில் முனகும் இயந்திரம், அடுத்த படுக்கையில் வாய் ஓயாத லாரி டிரைவர்.

ஒரு புதன்கிழமை டிரைவர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஒரு பேப்பரை ஆட்டிக்கொண்டு வந்தார். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'இனி டயாலிசிஸ் தேவையில்லை! வந்துவிட்டது அதிசய மருந்து!' வார்டே குதூகலித்தது. அவசரப்பட்டு நம்ப வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் ஏறவில்லை.

"வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். இந்த ஊசிக்கு ஒரு கும்பிடு," என்றார் டிரைவர்.

அக்காவின் பேப்பரைப் புரட்டினேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வந்த கோபத்தில் ஊசியில்லாத கையால் போன் போட்டேன்.

"அந்தக் கூட்டத்துக்கு நீ போகவே இல்லையா?"

"போனேன்டா. கேட்டேன். பதினொரு எலிக்குக் கொடுத்திருக்காங்க. மனுஷங்க ஒருத்தருக்குக்கூட இன்னும் கொடுக்கல. நான் அதைக் கேக்கறதுக்குள்ள வந்திருந்த நிருபருங்கள்ல பாதிப் பேர் செய்தியை அனுப்பிட்டாங்க. எங்க எடிட்டரும் அதே தலைப்புதான் வேணும்னார். முடியாதுன்னேன். அந்தச் சண்டையில இன்னைக்கு வரல. நாளைக்கு வரும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நான் பிழைக்கறது உனக்குப் பிடிக்கலையா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் சொன்னாள்: "டேய், ஆயிரம் பேர்னு சொல்லிடணுமேன்னு வேண்டிக்கிட்டேதான் கேட்டேன்."

"பக்கத்துல ஒருத்தர் வெள்ளிக்கிழமை வரமாட்டேங்கறார். அவர்கிட்ட நீயே சொல்லு," என்று போனை டிரைவரிடம் நீட்டினேன். அவர் முதலில் சத்தம் போட்டார். பிறகு 'ம்' கொட்டினார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அக்காவின் செய்தி உள்பக்கத்தில் வந்தது: 'சிறுநீரக மருந்து: எலிகளிடம் மட்டுமே சோதனை. டயாலிசிஸை நிறுத்த வேண்டாம்.' இதைப் படித்துவிட்டு யார் துள்ளிக் குதிப்பார்கள்? எடிட்டர் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லையாம்.

வெள்ளிக்கிழமை அடுத்த படுக்கை காலியாகவே இருந்தது. எனக்கு ஊசி குத்தியாயிற்று. கண் வாசலிலேயே இருந்தது. தாமதமாக, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார் டிரைவர். நர்ஸிடம் கையை நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மருந்து வரட்டும் தம்பி. எல்லாப் பேப்பரும் எழுதட்டும். உங்க அக்கா எழுதினப்புறம்தான் நான் இந்த ஊசியை விடுவேன்."

படுத்திருந்த எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எதிர்ப் படுக்கைக்காரரைக் கூப்பிட்டு, "அவர் சொல்றது எங்க அக்காவைத்தான்," என்றேன். அவர் யாரென்று என்னிடம் கேட்கவே இல்லை; நானாகத்தான் சொன்னேன்.