மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு டம்ளர்: யாழினியுடன் உத்திரமேரூர்

கேட்டவர்களுக்கு: இல்லை, ஐஸ் பெட்டி தேவையில்லை. மாவு கெட்டுப்போகாது. நேரம் தவறக் கூடாது, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் பக்கம் போய்வந்தோம். என் கணவர் சரவணனின் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். போகாமல் இருக்க வழியில்லை. எங்கள் மகள் யாழினிக்கு நான்கு வயது. அவள் கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும், திருப்பித் தராது. அரிய பிறவிக் குறைபாடு. மூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கார்ன்ஃப்ளோர் மாவு, எடை போட்டு, தண்ணீரில் கரைத்து. இரவும் பகலும். தவறினால் சர்க்கரை இறங்கும். வலிப்பு வரை போகலாம். அவளோடு இவ்வளவு தூரம் இதுவரை போனதில்லை.

4.30, தாம்பரம் வீட்டில் முதல் டம்ளர். 5.20 ரயில். 6.10 செங்கல்பட்டு. 6.30 பேருந்து, ஜன்னலோர இருக்கை, யாழினிக்கு அரைத் தூக்கம். 7.50 உத்திரமேரூர் பேருந்து நிலையம். 8.00 மணி டம்ளரை ஆட்டோவில் உட்கார்ந்து கரைத்தேன்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, காலங்காத்தால புள்ளைக்கு சுண்ணாம்பு கலக்கிக் குடுக்கற?"

"இது என் பெட்ரோல்," என்றாள் யாழினி.

"பெட்ரோலா! இன்னா மைலேஜ் குடுக்குது?"

"மூணரை மணி நேரம்."

"என் வண்டியே அவ்ளோ ஓடாது பாப்பா." அவள் குடித்து முடிக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை. சாலவாக்கம் சாலையில் எட்டு கிலோமீட்டர், இருநூறு ரூபாய்.

11.30 டம்ளர் முகூர்த்தத்தோடு மோதியது. சரவணன் மடியில் மருமகன். சீர்த்தட்டு என் கையில். நாத்தனாரின் ஓரகத்தி மல்லிகா அக்காதான் அன்று சமையலைப் பார்த்துக்கொண்டவர். எடை போட்ட மாவு டப்பாவை அவரிடம் கொடுத்தேன். "தண்ணியில கலக்கிக் குடுத்துடுங்கக்கா. சரியா பதினொன்றரைக்கு."

"நீ போம்மா. நான் கீறேன் இல்ல?"

11.32க்குக் காலி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். நிம்மதி.

1.10. யாழினி பந்தல் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வை. எல்லோருக்கும்தான் வியர்த்தது. இருந்தாலும் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தேன். 148. நல்ல எண். அப்படியே விட்டிருப்பேன். அவள் மடியில் நசுங்கிய லட்டு ஒன்று கிடந்தது. அவளுக்கு லட்டு கூடாது. யாரோ அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"நான் சாப்பிடலம்மா. சும்மா புடிச்சிக்கினு இருந்தேன்."

விரலைக் கழுவி, துடைத்து, மறுபடி குத்தினேன். 54; எழுபதுக்குக் கீழே ஆபத்து. 148 விரலில் ஒட்டியிருந்த லட்டின் சர்க்கரை.

குளுக்கோஸ் தண்ணீரை வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். விழுங்கினாள். மல்லிகா அக்கா கரண்டியோடு ஓடிவந்தார். "இன்னாச்சு? முச்சூடும் குடிச்சிச்சே! பச்ச மாவு வவுத்த வலிக்குமேன்னு அடுப்புல வெச்சி, கஞ்சியாட்டம் பதமா காய்ச்சி ஆத்தித்தான் குடுத்தேன்."

சொன்னேன். வெந்தால் சீக்கிரம் கரைந்து தீர்ந்துவிடும். வேகாமல் இருந்தால்தான் வயிற்றில் மெதுவாகக் கரைந்து மூன்றரை மணி நேரம் தாங்கும்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நல்லது பண்றேன்னு புள்ளைய இப்படிப் பண்ணிட்டனே."

கோபம் வந்தது. ஆனால் எந்த வீட்டில் குழந்தைக்குப் பச்சை மாவைக் கொடுப்பார்கள்? நான் சொன்னது தண்ணீரும் நேரமும் மட்டும். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் உச்சுக்கொட்டுவார்கள், அவளை நோயாளியாகப் பார்ப்பார்கள் என்று எங்குமே சொல்வதில்லை. அந்தக் கூச்சம் என்னுடையது. அதற்கு வியர்த்தது அவளுக்கு.

1.25. குத்தினேன். 96. யாழினி லட்டு எங்கே என்று கேட்டாள்.

இப்படிக் குழந்தையோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாவை ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனி டப்பாவில் எடை போட்டு எடுத்துப்போங்கள். இரண்டு வேளை கூடுதலாக. குளுக்கோஸ் ஒரே பையில் வேண்டாம், பெற்றோர் இருவரிடமும் இருக்கட்டும். குத்தும் முன் கையைக் கழுவுங்கள். துடைத்தால் மட்டும் போதாது. எண்ணைவிடக் குழந்தையின் முகத்தை நம்புங்கள். அளவும் நேரமும் எங்கள் டாக்டர் யாழினிக்குச் சொன்னவை. உங்கள் குழந்தைக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள். முக்கியமாக, டப்பாவை யாரிடம் கொடுத்தாலும் காரணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

அன்று மூன்று மணி வரை காத்திராமல் 1.30க்கே கொடுத்த அடுத்த டம்ளருக்கு மல்லிகா அக்காதான் கை நீட்டினார். "குடு. பச்சத் தண்ணி. அடுப்பாண்டையே போவ மாட்டேன். நீ பாத்துக்கினே இரு." பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியாகக் கரைத்தார். யாழினி குடித்தாள்.

பிறகு ஐந்து மணி டப்பாவையும் அவரிடமே கொடுத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தேன்.