என் கை பொருத்தாத பைக்

ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது. எடுத்தேன். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை குனிந்தவன் எழவில்லை.

கீழப்பழுவூரில் எனக்கு டூவீலர் ஒர்க்‌ஷாப். வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது). எனக்கு வலது பக்கம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். மச்சினன் முருகேசன் காரைப் புறா ரத்தம் தடவுகிறவரிடம் விட்டான். புறாவை அறுத்து, சூடு ஆறுவதற்குள் கைகாலில் தேய்த்து, துணியைச் சுற்றிப் படுக்க வைத்தார்கள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்று பெரம்பலூர் டாக்டர் சொன்னபோது, என் கையில் அந்த ரத்தம் காய்ந்து பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால் புறாவைத் தேடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கால் இழுத்து இழுத்தாவது நடக்கிறது. கை வரவில்லை. கை வந்தால் கடையைத் திறக்கலாம். வராவிட்டால் சாமான்களை விற்க வேண்டும். எனக்கு வேறு தொழில் தெரியாது.

பிசியோதெரபி (தசைகளுக்கான பயிற்சி) கொடுத்த பெண் சொன்னார்: "மூளைக்குக் கையோட நெனப்பே போயிடுச்சுங்க சார். சின்னச் சின்னதா பொருத்துற வேலை குடுத்துக்கிட்டே இருங்க."

மகள் சுகன்யா ஒரு பெட்டி வாங்கி வந்தாள். ஒன்றையொன்று கவ்வும் பிளாஸ்டிக் கட்டைகள். எல்லாம் பொருத்தினால் வருங்காலத்து பைக் வருமாம். அட்டைப் படத்தைப் பார்த்தேன். செயின் இல்லை, சைலன்சர் இல்லை, சக்கரத்துக்கு நடுவில் வெறும் ஓட்டை.

"இத எவன்டி ஓட்டுவான்?"

"நீங்கதான்ப்பா. மொதல்ல கட்டுங்க."

ஒரு கட்டையைப் பிடிக்கவே வேர்த்துப் போகும். பிடித்தால் அழுத்த வராது. அழுத்தினால் எகிறி ஓடும்.

அப்புறம் பார்க்க வருகிறவர்கள். எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள், வந்த கையைச் சும்மாவும் வைத்திருக்க மாட்டார்கள். ஆப்பிள் பையைக் கீழே வைத்ததும் என் விரலிலிருந்து கட்டையைப் பிடுங்குவார்கள். "விடுங்க மாமா, நான் போடுறேன்." டக். "பாவம், எவ்ளோ நேரமா தடவுது." டக். எனக்கு வாய் குழறும். திட்டி முடிப்பதற்குள் நாலு கட்டை ஏறியிருக்கும்.

ஒருநாள் குளித்துவிட்டு வந்தால் முருகேசன் முழு பைக்கையும் முடித்து டிவி மேல் வைத்திருந்தான். "எப்படி மாமா!" என்று சிரிக்கிறான். என் மனைவி செல்வி போட்டோ எடுத்து, 'அவரே செய்தது' என்று சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். பதிலுக்குக் கும்பிடும் கைப் படங்கள் வந்து குவிந்தன.

மறுநாள், அந்தப் போட்டோவைப் பார்த்த தெருக்காரர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "கை சரியாயிடுச்சாமே! கிளட்ச் கேபிள் அந்து போச்சு, மாத்திக் குடுங்க."

எனக்கும் ஆசை. உட்கார்ந்தேன். கேபிள் நுனியிலிருக்கும் குண்டைக் குழியில் மாட்ட வேண்டும். முன்பு கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. விரல் அதன் மேல் செத்த புழு மாதிரி கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவால்லங்க, டவுன்ல பாத்துக்குறேன்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

உள்ளே வந்து பைக்கைத் தரையில் அடித்தேன். "புறா ரத்தமும் நீதான், இதுவும் நீதான்டா" என்று முருகேசனைப் பார்த்துக் கத்தினேன். செல்வி, "அவன் நல்லதுக்குத்தானே செஞ்சான்" என்றாள்.

"எல்லாரும் நல்லதுக்குத்தான்டி செஞ்சீங்க. என் கைக்கு என்ன செஞ்சீங்க?"

அடுத்த முறை பெரம்பலூர் போனபோது பிசியோதெரபி கொடுக்கும் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். "கடை திறக்க முடியுமாம்மா?" என்று கேட்டேன். "தெரியலங்க சார்" என்றார் அந்தப் பெண். நோய் வந்ததிலிருந்து ஒருவர் என்னிடம் பொய் சொல்லாதது அன்றுதான்.

இப்போது அந்த பைக்கை முதலிலிருந்து கட்டுகிறேன். வருகிறவர்கள் ஆப்பிளை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முடியாதவர்கள் எழுந்து போகலாம். செல்விக்குத்தான் கஷ்டம். முந்தானையை முறுக்கிக்கொண்டு, "கோணலாப் போவுதுங்க" என்பாள்.

"போவட்டும். தொடாத."

என் வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் இப்போது பொழுது வேறு வேறு. இடது கைக்குக் காலை முடிந்து, குளித்து, சாப்பிட்டாகிவிடுகிறது. வலது கைக்கு இன்னும் விடியவே இல்லை. கட்டையை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடை பூட்டித்தான் கிடக்கிறது.