மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்பவர்

ஆட்டம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கையில் தொண்டை மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். கோல் கம்பத்துக்குப் பின்னாலுள்ள கேலரியின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. அதுதான் அவர் மேடை. எதிரே படிப்படியாக வானம்வரை ஏறிப்போகிற நாலாயிரம் முகங்கள். வலது கையை உயர்த்துவார். டிரம் நிற்கும். நாலாயிரம் பேரும் மூச்சை உள்ளே இழுப்பது மட்டும் கேட்கும், பெரிய வீட்டில் யாரோ திரைச்சீலையை ஒதுக்குகிற மாதிரி. அப்புறம் அவர் வாயைத் திறப்பார்.

தொண்டை என்பது கேலரி வைத்த பெயர். வயதில் சின்னவர்களுக்குத் தொண்டையண்ணன். வங்கியில் அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்.

இருபத்தாறு வருடமாக உள்ளூரில் நடந்த ஒரு ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. மைதானத்தில் விழுந்த ஒரு கோலையும் பார்த்ததில்லை. கோஷத்தை எடுத்துக் கொடுப்பவன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோஷம் அறுந்துவிடும் என்பது அவர் கட்சி. அதனால் முகங்களைப் பார்ப்பார். கார்னர் உதை என்றால் கழுத்துகள் ஒரே பக்கம் சாயும். நம் கோல்கீப்பர் பந்தைத் தவறவிட்டால் சத்தம் வருவதற்கு முன்பே கைகள் தலைக்குப் போய்விடும். நாலாவது வரிசையில் ஒரு பல் டாக்டர். ஊரார் வாயெல்லாம் பார்க்கிற மனிதர், கடைசிப் பத்து நிமிடத்தில் தன் நகத்தையெல்லாம் தின்று தீர்த்துவிடுவார். ஒன்பதாவது வரிசையில் ஒரு தம்பதி. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி. பெனால்டியின்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

கோல் விழும்போது முதலில் கண்கள் பெரிதாகும். பிறகு வாய் திறக்கும். அதற்கப்புறம்தான் சத்தம். கண்ணுக்கும் சத்தத்துக்கும் நடுவிலிருக்கும் அந்த இடுக்கில்தான் தொண்டை இத்தனை வருடமும் குடியிருக்கிறார்.

"போட்ட கோலைப் பாக்காம நீங்க என்னண்ணே ரசிகர்?" என்று ஒருவன் வம்புக்கு இழுத்தான்.

"கோல் அங்க விழுதுன்னு நெனச்சிட்டிருக்கியா? இங்கதாண்டா விழுது" என்று அவன் மூக்குக்கு நேரே விரலை நீட்டினார்.

வார நாட்களில் அவர் கண்ணாடி வெட்டுகிறார். நீளமான மேஜை, அதன்மேல் பழைய கம்பளம், கம்பளத்தின்மேல் ஆள் உயரக் கண்ணாடி. கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி, கோடியிலிருந்து கோடிவரை ஒரே இழுப்பு. தூரத்தில் பட்டுத்துணி கிழிகிற ஒலி வரும். அது நடுவில் விட்டுப்போனால் கண்ணாடி கோணலாக உடையப்போகிறது என்று அர்த்தம். "ஒரே இழுப்புதான். மறுபடி அதே கோட்டுல போனா அது மனசுல வெச்சுக்கும்" என்பார். அந்த ஒலிக்காகவே பட்டறையில் ரேடியோ கிடையாது, பேச்சு கிடையாது. ஐந்து நாள் சேர்த்து வைத்த குரலையெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் கொண்டுபோய்க் கேலரியில் கொட்டிவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான் பதில்.

போன சீசனின் கடைசி ஆட்டத்தில், கோஷத்தின் நடுவில் அவர் வாயிலிருந்து கதவுக் கீல் கிரீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வேறெதுவும் வரவில்லை. அவர் கத்துவதைத் திருப்பிக் கத்துவதுதானே கேலரிக்குப் பழக்கம்? நாலாயிரம் பேரும் விசுவாசமாகக் கிரீச்சிட்டார்கள். டிரம் அடிக்கிற மைத்துனர் அதற்கும் ஒரு தாளம் கண்டுபிடித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தொண்டையும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் சத்தமில்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா திரையில் படம் காட்டினார். இரண்டு வெளுத்த மடிப்புகள், ஒவ்வொன்றிலும் அரிசி அளவுக்கு ஒரு வீக்கம்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

மனைவி முந்திக்கொண்டார். "கண்ணாடி வெட்டறாரு."

"அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு குரல்?"

"அதுக்கில்ல டாக்டர். சனிக்கிழமையானா இன்னொரு உத்தியோகம் இருக்கு. சம்பளம் கெடையாது."

அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது. அதற்கப்புறம் பேசலாம், வீட்டில் பேசுகிற அளவுக்கு. "கத்துறத மறந்துடுங்க" என்றார் டாக்டரம்மா. "இன்னொரு சீசன் இந்தத் தொண்டை தாங்காது. மீறினீங்கன்னா குடிக்கத் தண்ணி கேக்கறதுக்கும் குரல் இருக்காது."

பேசாத ஆறு வாரத்துக்கு அவர் பட்டறையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டுத் துண்டு எடுத்துவந்தார். ஓரத்தை வழவழவென்று தேய்த்துக்கொண்டார். மெழுகுப் பென்சிலால் அதில் எழுதிக் காட்டுவார். கண்ணாடி என்பதால் எழுத்துக்குப் பின்னால் அவர் முகமும் தெரியும். சொல்ல வந்ததைச் சொன்ன ஆளோடு சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது. மனைவிக்கு அந்தச் சிரமமில்லை. அவர் எழுதி முடிப்பதற்குள் கைத்துண்டால் துடைத்துவிடுவார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் நான் பேசறத முழுசா கேக்கறீங்க. குறுக்க எழுதாதீங்க."

மருமகள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். மாமனார் சனிக்கிழமை மத்தியானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததை இரண்டு வாரம் பார்த்தாள். மூன்றாவது வாரம் பொறுக்கவில்லை.

"மாமா, கெளம்புங்க. ரக்பி பாக்கப் போலாம்."

அவர் கண்ணாடியில் எழுதினார்: 'பந்துன்னா உருண்டையா இருக்கணும். அது பந்தா, பப்பாளியா?'

"பப்பாளிதான். வந்து பாருங்க, அந்தப் பப்பாளிக்கு என்ன மரியாதைன்னு."

அங்கே போய் உட்கார்ந்ததும் அவருக்கு முதல் அதிர்ச்சி. இரண்டு அணி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வேலி இல்லை, காவலர் வரிசை இல்லை. அவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே எதிரணிச் சட்டை போட்ட ஒரு பெரியவர், மடியில் பிளாஸ்க்கோடு. தொண்டை மெல்ல மருமகள் பக்கம் நகர்ந்தார். கண்ணாடியை அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரிச் சாய்த்து எழுதினார்: 'ஆபத்து இல்லையே?'

"அவரு டீ குடுப்பாரு மாமா. வேற ஒண்ணும் பண்ணமாட்டாரு."

இருபதாவது நிமிடத்தில் எதிரணி வீரன் ஒருவன் சின்னத் தாங்கியில் பந்தை நிறுத்திவைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். எதிரணிக்காரன் உதைக்க வருகிறான். இருபத்தாறு வருடப் பழக்கம் தொண்டையைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? அவர் கேலரியில் அது சீட்டியடிக்க வேண்டிய நேரம், உதைப்பவனின் காது கிழிய வேண்டிய நேரம். சட்டென்று எழுந்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இரண்டு கையையும் உயர்த்தினார்.

மைதானம் அடங்கியது.

முதலில் பேச்சு நின்றது. பிறகு கால் மாற்றிவைக்கிற சத்தம், தாள் கசங்குகிற சத்தம். எங்கோ ஒரு குழந்தையின் அழுகைகூட யாரோ மடியில் வாங்கிக்கொண்டதுபோல் இல்லாமலானது. பதினாலாயிரம் பேர். கொடிக்கயிறு கம்பத்தில் மோதுவது கேட்டது. நின்றிருந்த ஒரே மனிதர் தொண்டைதான், உயர்த்திய கைகளோடு. இதையெல்லாம் தான்தான் செய்துவிட்டதாக அவருக்கு ஒரு கணம் தோன்றியது. உலகத்தை ஒரே இழுப்பில் வெட்டி எடுத்து மேஜைமேல் படுக்கவைத்தாயிற்று, இனி மூச்சு விட்டால் உடைந்துவிடும்.

முதுகுக்குப் பின்னால் 'தப்' என்று ஒரு சத்தம். பதினாலாயிரம் மோவாய்கள் ஒன்றாக உயர்ந்தன. ஒரே வேகத்தில், காற்றில் வளைகிற வயல் மாதிரி, இடமிருந்து வலமாகப் போய்த் தாழ்ந்தன. பந்து போன பாதை முழுவதையும் அவர் அந்த மோவாய்களில் பார்த்துவிட்டார்.

எதிரணிச் சட்டைக்காரர் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்கய்யா, மறைக்குது. டீ சாப்பிடறீங்களா?"

திரும்பி வருகிற பேருந்தில் அவர் கண்ணாடியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். அப்புறம் எழுதினார்: 'யாரு அவங்கள சும்மா இருக்கச் சொன்னது?'

"யாரும் சொல்லல மாமா. எந்த அணிக்காரன் கோலுக்கு உதைக்க வந்தாலும் இங்க அப்படித்தான். பக்கத்துல இருக்கறவரு சும்மா இருப்பாரு, அதப் பாத்து நாம இருப்போம், நம்மளப் பாத்து இன்னொருத்தரு. அவ்வளவுதான்." மருமகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தொடர்ந்தாள். "இன்னொரு மாதிரி ஆட்டமும் இருக்கு. அதுவும் நீளப் பந்துதான். மேட்ச் முடிஞ்சதும் ஜனங்க குடும்பத்தோட மைதானத்துல இறங்கி, அவங்கவங்க பந்த உதைச்சு வெளையாடுவாங்களாம்."

அவர் அவசரமாகத் துடைத்துவிட்டு எழுதினார்: 'போலீஸ்?'

"போலீஸும் ரெண்டு உதை உதைக்கும்... பந்தத்தான் மாமா."

அவர் தோள்கள் குலுங்கின. சிகிச்சைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

ஆறு வாரம் முடிந்து குரல் வந்தது. புதிதாக வாங்கிய செருப்பைப் போல அதை வீட்டுக்குள்ளேயே நடக்கவிட்டுப் பழக்கினார். தண்ணீர் கேட்டார். உப்புக் குறைவு என்றார். அதற்குள் அடுத்த சீசன் வந்துவிட்டது. முதல் ஆட்டத்துக்கு நாலு நாள் முன்பு மைத்துனர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

"மச்சான், பயிற்சி ஆட்டத்துல நான் பெட்டிமேல ஏறிப் பாத்தேன். முடியல. பின்னாடி என்ன நடக்குதுன்னு முதுகு கேட்டுக்கிட்டே இருக்கு. நான் திரும்பிப் பந்தப் பாத்துட்டேன். மேல இருக்கறவன் ஒரு கோஷம், கீழ இருக்கறவன் ஒரு கோஷம். சந்தை மாதிரி ஆயிடுச்சு. முதல் கோஷம் மட்டும் நீங்க எடுத்துக் குடுங்க. ஒரே ஒரு தடவ."

மனைவி உள்ளேயிருந்து வந்தார். "ஒரே ஒரு தடவைன்னுதான்டா இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி போனாரு."

"இல்லக்கா..."

"உனக்கென்ன, நாளைக்கு இவரு ஊமையாயிட்டா நீயா வந்து இவருகூடப் பேசிட்டிருப்பே?"

தொண்டை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வரேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மனைவி மட்டும் புரிந்துகொண்டார். "அப்ப நானும் வரேன். வாயத் தொறந்து கத்தினீங்கன்னு வைங்க, அத்தனை பேரு முன்னாடி இறக்கி இழுத்துட்டு வந்துடுவேன்."

சனிக்கிழமை. கேலரியின் முதல் வரிசையில், பெட்டிக்கு நேர் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு அவர் மனைவி நின்றார். அந்த மைதானத்துக்குள் மனைவி காலெடுத்து வைத்தது அதுவே முதல் தடவை. தொண்டை பெட்டிமேல் ஏறினார். மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். நாலாயிரம் முகங்களில் இன்று ஒரு முகம் பந்தைத் தேடவில்லை. அது அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மைத்துனர் ஒலிபெருக்கியை நீட்டினார். தொண்டை அதை வாங்கிக் காலடியில் வைத்தார். கையை உயர்த்தினார். டிரம் நின்றது. நாலாயிரம் மூச்சும் உள்ளே போயின. காத்திருந்தன.

அவர் குனிந்தார். தடுப்புக் கம்பிக்கு மேலே தலையை நீட்டி, சாப்பாட்டு மேஜையில் கேட்கிற குரலில் முதல் வரிசையிடம் கேட்டார்:

"எல்லாரும் சாப்ட்டாச்சா?"

முதல் வரிசைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொன்னாரு?" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. மனைவி கட்டிய கையைப் பிரிக்காமல் கணவனையே பார்த்தார். அவர் கழுத்தில் ஒரு நரம்பும் புடைக்கவில்லை. பிறகு மனைவி மெல்லப் பின்னால் திரும்பி, இரண்டாவது வரிசையில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "சாப்ட்டாச்சான்னு கேக்கறாரு" என்றார்.

அந்த ஆள் மூன்றாவது வரிசைக்குத் திரும்பினார். மூன்று நாலுக்குத் திரும்பியது. தொண்டை தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கேலரியின் பின்னந்தலைகளைப் பார்த்தார். தலைகள் ஒவ்வொரு வரிசையாகத் திரும்பிக்கொண்டே மேலே போயின. அவர் கேள்வி படியேறிப் போய்க்கொண்டிருந்தது, வழியில் யாரோ சிரிக்க, யாரோ சரிசெய்ய. ஆட்டம் தொடங்கிவிட்டதற்கான விசில் எங்கோ கேட்டது. யாரும் அசையவில்லை. கேள்வி உச்சி வரிசையைத் தொட்டது. அங்கே ஒரு கணம் நின்றது.

பிறகு மேலேயிருந்து பதில் இறங்கியது. ஒவ்வொரு வரிசையும் தன் பங்கைச் சேர்த்துக்கொள்ள, பருத்துக்கொண்டே வந்து, கம்பித் தடுப்பையும் மரப்பெட்டியையும் அதிரவைத்து அவர் முகத்தில் மோதியது:

"சாப்ட்டாச்சு!"

எதிர்மூலையில் வேலிக்குள் நின்றிருந்த எதிரணி ரசிகர்கள் கோஷத்தைப் பாதியில் விட்டுவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். மைத்துனர் டிரம் குச்சியைத் தூக்கியபடியே நின்றார், எந்தத் தாளம் அடிப்பது என்று தெரியாமல். மனைவி மூச்சு வாங்கச் சிவந்த முகத்தோடு திரும்பி, "அடுத்தது என்ன?" என்றார்.

தொண்டை ஒரு விரலை மடக்கி, முதல் வரிசையை இன்னும் கொஞ்சம் கிட்டே வரச்சொன்னார்.