சுகுணா எடுத்த சுருதி

மூன்று வருஷமாகச் சுகுணா ஒரே ஒருத்தன்மேல் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தாள். அவன் கீபோர்டு தனபால். ஏற்காட்டில் கல்யாணமோ திருவிழாவோ, அவனுடைய பாட்டுக் குழுதான் வரும். சுகுணா கிளியூர்க்காரி, எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவள். பறிப்பு வரிசையில் அவள்தான் முதலில் பாட்டெடுப்பாள். எடுத்தவள் சுருதிக்கு மற்றவர்கள் வந்து சேர வேண்டும், அதுதான் அங்கே வழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கல் விழாவை நேரலையில் காட்ட டிவிக்காரர்கள் வந்தார்கள். பாடச் சுகுணாவுக்கும் இடம் கிடைத்தது. ஒத்திகையில் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? பத்துப் பேர் நடுவில், "ஏனுங்க, உங்க பொட்டி நடுவுல சுருதி தப்புதுங்களே" என்று கேட்டுவிட்டாள். தனபாலுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பாவி! ஒத்திகையில் நாலு கட்டையில் வாசித்தவன், கேமரா ஓட ஆரம்பித்ததும் ஒரு பொத்தானைத் தட்டிச் சுருதியை ஆறு கட்டைக்கு ஏற்றிவிட்டான். கைகால் உதற நின்றவள் அவன் கொடுத்ததையே பிடித்துக்கொண்டு பாடினாள். சரணத்தில் குரல் கீச்சென்று உடைந்தது. பாதியில் இறங்கிப் போனாள்.

அந்தத் துண்டு வீடியோ மலை முழுக்கப் போனில் சுற்றியது. 'கீச்சு சுகுணா' என்று பெயர் விழுந்தது. "நீ இஸ்கூல் பக்கம் வராதம்மா, எல்லாரும் கீச்சுங்கறாங்க" என்று மகள் ஹரிணியே சொன்னாள். அதே மேடை, அதே நேரலை, அதே தனபால். அதில் பெயரை மீட்காமல் விடுவதில்லை என்று சுகுணா அன்றே முடிவு கட்டினாள்.

இந்தப் பொங்கலுக்கு வாய்த்தது. கோபத்தோடு பாடினால் தொண்டை இறுகும் என்று அவளுக்குத் தெரியும். மேட்டிலேறிப் பறிக்கும்போது தடைபடாத குரல் மேடையில் மட்டும் ஏன் அடைக்கிறது? யோசித்துப் பார்த்தாள். அங்கே கைக்கு வேலை இருக்கிறது, இங்கே இல்லை. அவ்வளவுதான்! புதுச்சேலைமேல் பறிப்புச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பழம் நிறைந்த காப்பிக் கிளை ஒன்றோடு மேடையேறினாள்.

தனபால் இளித்தான். "ஏனுங்கக்கா, வேலைக்கு வந்தீங்களா, பாட்டுக்கு வந்தீங்களா?"

"ரெண்டுக்குந்தானுங்க."

நிகழ்ச்சி நடத்திய ஸ்டெஃபி கைகாட்டினாள். நேரலை. தனபால் விரல் வைக்குமுன்பே சுகுணா பாட்டை எடுத்துவிட்டாள். நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவில் ஓர் இடம், கீபோர்டில் அதற்குக் கட்டையே கிடையாது. போனில் சுருதி வைத்து மூன்று மாதம் பழகியது. விரல்கள் பழத்தை ஒவ்வொன்றாகப் பறித்துச் சாக்கில் போட்டன. நெஞ்சு படபடக்கவே இல்லை.

தனபால் ஒன்றை அழுத்தினான், ஒட்டவில்லை. இன்னொன்று, அதைவிட மோசம். கேமரா அவன் விரல்களுக்கே திரும்பிவிட்டது. பல்லவி முடிந்ததும் சுகுணா நிறுத்தினாள்.

"ஏனுங்க தனபாலு, சுருதி கெடைக்கலீங்களா? மெதுவா தேடுங்க, நான் இன்னொருக்கா பாடறேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று சரணத்தையும் ஒன்று விடாமல் பாடினாள். தனபால் கையை மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டான். இனித்ததா என்றால், நொம்ப இனித்தது! பொய் சொல்வானேன்?

மேடைக்குப் பின்னால் அவன் வந்து நின்றான். "அக்கா, அன்னைக்கி நான் பண்ணது தப்புதானுங்க. மன்னிச்சு உட்ருங்க."

"இந்த மூலையில என்ர காதுக்குள்ள எதுக்குங்க சொல்றீங்க? என்ர மானம் போனத ஊரே பாத்துச்சு. ஸ்டெஃபி பொண்ணு இன்னும் மைக்கக் கீழ வெக்கல. போயி லைவுல சொல்லுங்க."

அவன் மேடைப் பக்கம் பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்கினான்.

"கைகால் ஒதறுதுங்களா?" என்று கேட்டாள் சுகுணா. "இந்தாங்க, கைக்கு ஒரு வேலை." பழமெல்லாம் பறித்துத் தீர்ந்த அந்த மொட்டைக் கிளையை அவன் கையில் திணித்து, மேடைப் படியைக் காட்டினாள்.