கொடுக்காமல் விட்ட ரிவர்ஸ் வயர்

போடியில் கார் எலெக்ட்ரிகல் கடை போட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. டேஷ்போர்டில் வழி காட்டும் மேப் செட்டுக்கு வயரிங் எப்படிக் கொடுப்பது என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். நன்றாகச் செய்த வேலைகளைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதனால் சொதப்பியதைச் சொல்கிறேன்.

ஒரு நாள் கடை திறந்த கையோடு ஒரு ஜீப்பு வந்து நின்றது. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் முதலாளி இறங்கினார். ஓட்டி வந்தவன் அவருடைய டிரைவர் செல்வம். போன மாதம்தான் அந்த ஜீப்புக்கு மேப் செட்டு மாட்டிக் கொடுத்திருந்தேன்.

"நீங்க மாட்டுன செட்டு காட்டுறது கரெக்டாத்தான இருக்கும்?" என்றார் முதலாளி.

"கரெக்டுன்னா கரெக்டு மொதலாளி. ஸ்பீடு வயரே கொடுத்திருக்கேன்."

"அப்பச் சரி. இவன் லோடோட பக்கத்து எஸ்டேட்டு ஸ்டோருக்குப் போயிட்டு வர்றான். இந்தா, செட்டுல தடம் விழுந்திருக்கு பாருங்க. ஏலக்கா மூட்டையக் களவா எறக்கி விக்காம அங்க என்ன சோலி? இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்."

"நான் அந்தப் பக்கமே போகலண்ணே" என்று செல்வம் என்னைப் பார்த்துச் சொன்னான். பதினைந்து வருடமாக எனக்குத் தெரிந்தவன். நான் அவனைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன். என் வயரிங் மேல் இருந்த நம்பிக்கை அவன் மேல் இல்லாமல் போனதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

"ஒரு தடவ மலையேறிப் பாத்துருவோம்" என்றேன். செல்வத்துக்காக இல்லை, செட்டின் அருமையை முதலாளிக்குக் காட்டத்தான்.

நான் முன் சீட்டில். முதலாளி பின்னால் போனில். குரங்கணி தாண்டியதும் மரமும் பாறையும் மறைத்து ஆன்டெனாவுக்கு சிக்னல் போய்விட்டது. இந்த மாதிரி இடத்துக்குத்தான் ஸ்பீடு வயர். சக்கரம் சுற்றுவதைக் கணக்குப் பார்த்து செட்டு அம்பை நகர்த்தும்.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. அந்தப் பாதையில் எந்த ஜீப்பும் ஒரே வெட்டில் திரும்பாது. செல்வம் முன்னே போய், ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முன்னே போனான். ஜீப்பு பின்னால் வந்தபோது திரையில் அம்பு முன்னால் போனது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி பின்னால் போகிறது என்று செட்டுக்குச் சொல்லும் ரிவர்ஸ் வயரைப் பின் விளக்கிலிருந்து இழுத்து வர அரை மணி நேரம் ஆகும். மேப்பைப் பார்த்துக்கொண்டு எவன் ரிவர்ஸில் போகப் போகிறான் என்று விட்டிருந்தேன். மலைப்பாதை தெரிந்த போடிக்காரன் கேட்கிற கேள்வியா அது?

வளைவுக்கு வளைவு தப்பு கூடியது. எட்டாவது வளைவில் நாங்கள் பாதையில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் இருந்தோம். செட்டு எங்களைப் பக்கத்து எஸ்டேட்டு ஸ்டோரில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. ஸ்பீடு வயர் இல்லாவிட்டால் சிக்னல் இல்லை என்று பேசாமல் இருந்திருக்கும். நான்தான் அதற்கு அடித்துப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

"என்ன காட்டுது?" என்றார் முதலாளி, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சிக்னல் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கு மொதலாளி."

செல்வமும் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, இறங்கி நடந்தான்.

"மாட்டிக்கிட்டோம்னு ஓடுறான் பாருங்க" என்றார் முதலாளி.

நான் பின்னாலேயே ஓடினேன். "செல்வம், தப்பு என்னோடதுப்பா. ரிவர்ஸ் வயரு கொடுக்கல."

அவன் நின்றான். "இத எதுக்குண்ணே எங்கிட்டச் சொல்றீங்க? நான் களவாங்கலன்னு எனக்குத் தெரியும்ல. அங்க போயிச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். திரையைக் காட்டினேன், பாறையைக் காட்டினேன். முதலாளி கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரே இறங்கிச் செல்வத்திடம் நடந்து போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து செல்வம்தான் வண்டியை எடுத்தான்.

ஆகவே தம்பிகளே, ரிவர்ஸ் வயரை முதலில் கொடுங்கள். உங்கள் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் எதிரே நிற்கிற ஆளின் முகத்தைப் பாருங்கள்.

செல்வம் இன்றும் அதே ஜீப்பைத்தான் ஓட்டுகிறான். பேட்டரி, லைட்டு என்று ஏதாவது வந்தால் என் கடையைத் தாண்டி தேவாரம் ஊர் வரை கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறான்.