எந்த மெஷின் தப்பு சொல்லுது?

பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டி ஒரே வேலையைச் செய்ய வைப்பது என் தொழில். அவை ஒழுங்காகச் சேர்ந்து ஓடும்போது என்னை யாரும் நினைப்பதில்லை, ஓடாதபோது எல்லோரும் நினைக்கிறார்கள்.

இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலியார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். காற்று, அலை பற்றிய தகவல்கள் பல இடங்களிலிருந்து வந்து குவியும். ஒரு கம்ப்யூட்டர் தனியாக அலசினால் நாள் முழுக்கப் போய்விடும். அதனால் தலைமை மெஷின் ஒன்று வேலையைப் பிரித்துக் கொடுக்க, மற்றவை ஆளுக்கொரு பங்கு முடித்துத் தரும். முடிவு, மீனவர்களின் போனுக்குக் குரல் செய்தியாகப் போகும். ஆபீஸில் மூன்றே பேர்: நான், கூட வேலை செய்யும் குமரவேல், முதலாளி அந்துவான் சார்.

விடியாத மெஷின்

புதிதாக ஒரு மெஷினைச் சேர்த்திருந்தோம். வைத்திக்குப்பத்திலிருந்து தனலட்சுமி அக்கா போன் செய்தார். அவர் வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர், அக்கா கரையில் மீன் விற்பவர். காலையில் அடித்து ஓய்ந்துபோன காற்றை, இனிமேல்தான் அடிக்கப் போகிறது என்று எங்கள் செய்தி சொல்கிறதாம்.

கணக்குப் போடும் முறையே தப்பு, முதலிலிருந்து எழுதலாம் என்றான் குமரவேல். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மெஷினிடமும் மணி என்ன என்று கேட்டுப் பார்த்தேன். எல்லாம் உச்சிவேளை என்றன. புதியது மட்டும் இன்னும் காலைப் பொழுதிலேயே உட்கார்ந்திருந்தது. அதற்கு இந்திய நேரத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சரிசெய்து, செய்தியை மறுபடி அனுப்பி, அக்காவைக் கூப்பிட்டு ஒரு மெஷின் இங்கிலாந்து நேரத்தில் ஓடிவிட்டது என்று சொன்னேன். அக்கா விடவில்லை.

"இங்கிலீஷ்காரன் நேரமா? நம்ம ஊர ஆண்டது பிரெஞ்சுக்காரன் ஆச்சேம்மா."

ஒரே பேரில் இரண்டு

கொடுத்த வேலை நடுவழியில் காணாமல் போக ஆரம்பித்தது. தலைமை மெஷின் ஒரு பங்கைக் கொடுக்கும். முடிந்ததா என்று கேட்டால், எனக்கு எதுவும் தரவில்லையே என்று பதில் வரும். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் சரியாகும் என்றான் குமரவேல். சரியாகவும் ஆனது, சாப்பிட்டு வரும் வரைக்கும். திரும்பி வந்தால் அதே கதை. இனி காரணம் தெரியாமல் யாரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு மெஷினாகப் பிரித்து நிறுத்திப் பார்த்தேன்.

ஒன்றை நிறுத்தினேன், அந்தப் பேருக்கு இன்னொன்று பதில் சொன்னது. ஒரு மெஷினை அப்படியே நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கியபோது பேரும் சேர்ந்தே போயிருக்கிறது. வேலையை வாங்கியது ஒன்று, கேள்விக்கு முழித்தது இன்னொன்று. அந்துவான் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் பிரான்சில் இருக்கிறார்கள்.

"எங்க வீட்ல அப்பா, சித்தப்பா, நான் எல்லாருமே அந்துவான். தபால்காரர் பட்ட பாடு எனக்குத் தெரியும், உடனே பேர மாத்துங்க."

யாரும் படிக்காத ஃபைல்

இது உங்களுக்கும் நடந்திருக்கும். வேலை முக்கால்வாசி ஓடி, நினைவகம் போதவில்லை என்று செத்துப்போகும். செட்டிங் ஃபைலில் நினைவக அளவைக் கூட்டினோம், செத்தது. இன்னும் கூட்டினோம், அப்போதும் செத்தது. பெரிய மெஷின் வாங்கலாமா என்று அந்துவான் சாரே கேட்டுவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

கூட்டியும் எதுவுமே மாறவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. அதனால் ஒரு சோதனை செய்தேன். அந்த செட்டிங் ஃபைலில் வேண்டுமென்றே அர்த்தமில்லாத ஒரு வரியை எழுதினேன். படித்திருந்தால் எந்த மெஷினாவது தப்பு என்று கத்த வேண்டும். ஒன்றும் கத்தவில்லை. மெஷின்கள் படித்தது வேறொரு இடத்தில் கிடந்த பழைய பிரதியை. அந்தப் பிரதியில் அளவை மாற்றியதும் வேலை முழுசாக ஓடி முடிந்தது. குமரவேல் நாற்காலியில் சாய்ந்தான்.

"அப்போ இத்தன நாளா நாம சுவத்துகிட்டயா பேசிட்டு இருந்தோம்?"

தெரியவில்லை என்று ஒரு செய்தி

வடகிழக்குப் பருவம். மத்தியானம் போட்டுகள் கடலில் இறங்கும் நேரம். கடற்கரை முழுவதற்கும் முடிவு வந்துவிட்டது, நம் ஊர்ப் பங்கு மட்டும் வரவில்லை. நேற்றைய செய்தியையே அனுப்பிவிடலாம், வானம் தெளிவாகத்தான் இருக்கிறது என்றார் அந்துவான் சார். செய்தி நின்றால் நம்மை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவர் கவலை. பழசைப் புதுசு என்று அனுப்ப மாட்டேன் என்றேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல்முறை. அவர் மைக்கை என் பக்கம் தள்ளினார். "இன்றைக்கு நம் ஊர்க் காற்று நிலவரம் எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் சொல்கிறோம்" என்று பதிவு செய்து அனுப்பினேன்.

பிறகு தேடினேன். எங்கள் ஊர்ப் பங்கு ஒரே மெஷினில் மாட்டியிருந்தது. மற்றவை இடைக்காலக் கணக்குகளைப் பெரிய டிஸ்கில் எழுத, இது மட்டும் சின்ன டிஸ்கில் எழுதி, நிரம்பி, மூச்சு முட்டி நின்றது. இதையும் பெரிய டிஸ்கில் எழுதச் சொல்லி மறுபடி ஓட விட்டேன். சாயங்காலத்துக்கு மேல் கடும் வாடைக் காற்று, யாரும் இறங்க வேண்டாம் என்று முடிவு வந்தது. குமரவேல் அதை உடனே அனுப்பினான்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் நிற்க முடியவில்லை, மருந்துக்கடையின் போர்டு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டியை நேராக வைத்திக்குப்பத்துக்கு விட்டேன். போட்டுகளை மணலில் மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். தனலட்சுமி அக்கா தார்ப்பாய்க்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். ரெண்டாவது செய்தி நேரத்தோட வந்துதா என்று கேட்டேன்.

"அது வரதுக்கு முன்னாடியே போட்ட நிறுத்திட்டோம். எப்பவும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசற நீங்களே தெரியலன்னு சொன்னீங்க, அதான் பயந்துட்டோம்."

இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்து நான் சம்பாதித்த அறிவு இவ்வளவுதான்: எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள், கெடாதவை அத்தனையும் மனப்பாடம் ஆகிவிடுகின்றன.